மருந்து கொடுக்காத மெடிக்கல் அண்ணனுக்கு

நம் தெருவில் இருக்கும் எல்லோருக்கும்,

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று மதியம் டிஸ்சார்ஜ் செய்தார்கள். இந்த ஆறு நாளும் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. இப்போது தொட்டிலில் தூங்குகிறாள். இரண்டு வரி எழுதுவதும், எழுந்து போய் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வருவதுமாக இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி முக்கு மெடிக்கல் அண்ணனுக்கு. அன்று ராத்திரி நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அண்ணன் தானாகச் சொல்லிக்கொள்கிற ஆளும் இல்லை.

சளி பிடித்து அன்று மூன்றாம் நாள். சாயங்காலத்திலிருந்து பால் குடிக்கவில்லை. வாய் வைப்பாள், இரண்டு மடக்கில் விட்டுவிட்டு அழுவாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் கடைக்குப் போனது மருந்து வாங்கத்தான். பெரியவனுக்குப் போன மாதம் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. அதே இருமல் சிரப், அதே ஆன்டிபயாட்டிக், அளவை மட்டும் பாதியாக்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மழை வேறு. அண்ணன் கடையை அடைக்கிற நேரம்.

சீட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா?" என்றார்.

"பாப்பாவுக்குத்தாண்ணே. அஞ்சு மாசம்."

அந்த சிரப் பாட்டிலை எடுத்து வந்து திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று போட்டிருந்தது. 2023 கடைசியில் வந்த உத்தரவாம். பெரியவனுக்கு வாங்கிய அதே சிரப் பாட்டில் எங்கள் வீட்டு அலமாரியிலும் இருந்தது, நான் ஒரு நாளும் படித்ததில்லை. அப்புறம் சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "பாப்பா சட்டையைக் கொஞ்சம் தூக்குங்கம்மா" என்றார்.

தூக்கினேன். அவர் கையால் தொடக்கூட இல்லை. சுவர்க் கடிகாரத்தையும் பாப்பாவின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார், உதடு மட்டும் அசைந்தது. ஒரு நிமிடம் முழுதாக எண்ணினார். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விடைத்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாக மடியிலேயே வைத்திருந்தும் அது என் கண்ணில் படவில்லை.

மாத்திரை போட்டுக் கொடுக்கிற பழுப்பு நிறக் கவர் ஒன்றை எடுத்து அதன்மேல் எழுதினார்: "9.35 மணி. மூச்சு 64. பால் குடிக்கவில்லை. நெஞ்சு உள்வாங்குது."

"இந்த வயசுல அம்பதைத் தொட்டாலே வேக மூச்சும்மா. இதுக்கு என் கடையில மருந்து இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, டியூட்டி டாக்டர் கையில இதைக் குடுங்க" என்றார். மூக்கில் விடுகிற உப்புத்தண்ணி சொட்டு மருந்து ஒன்றை மட்டும் கையில் வைத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மழையில் இறங்கிப் போய் ஆட்டோவை நிறுத்தியதும் அவர்தான்.

அங்கே டாக்டர் அந்தக் கவரைத்தான் முதலில் வாங்கிப் படித்தார். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதம்தான். உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

பெரும்பாலும் ஆர்எஸ்வி என்கிற வைரஸாக இருக்கும் என்றார் டாக்டர். பெரியவனுக்கு வெறும் மூக்கொழுகலாக வந்துபோனதுதான் இவளுக்குச் சின்னச் சின்ன மூச்சுக்குழாய்களில் இறங்கி, வீங்கி, சளி அடைத்துவிட்டது. "ஆன்டிபயாட்டிக் போடலையா டாக்டர்?" என்று நான் இரண்டு தடவை கேட்டேன். அது பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது என்று இரண்டு தடவையும் பொறுமையாகச் சொன்னார். மூச்சுக்கு ஆக்சிஜன், மூக்கடைப்பை உறிஞ்சி எடுப்பது, என் பாலையே பீய்ச்சி மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்கு அனுப்புவது, அவ்வளவுதான் வைத்தியம். மூன்றிலிருந்து ஐந்தாம் நாள்வரை கூடிவிட்டுத்தான் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். அது தெரிந்திருந்ததால்தான் அடுத்த நாள் ராத்திரியை என்னால் தாங்க முடிந்தது.

அங்கே உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டதெல்லாம் ஒன்றுதான். அண்ணன் அந்த இரண்டு பாட்டிலையும் கொடுத்திருந்தால், மருந்து கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் நான் விடியும்வரை வீட்டிலேயே இருந்திருப்பேன். கேட்டதைக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுவது அவருக்கு எவ்வளவு சுலபம். மழையில், கடை அடைக்கிற நேரத்தில், ஒரு நிமிடம் நின்று எண்ணினார். அந்தக் கவரை பாப்பாவின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

மூன்று ஷிப்டு சிஸ்டர்களுக்கும், வாடகையை வாங்க மறுத்த ஆட்டோ அண்ணனுக்கும், பெரியவனுக்கு ஆறு நாளும் ரசம் சோறு பிசைந்து ஊட்டிய எதிர்வீட்டு அத்தைக்கும், பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டு தன் வெந்நீர் பிளாஸ்க்கை எனக்கும் சேர்த்து நிரப்பி வந்த அக்காவுக்கும், குவைத்திலிருந்து இவர் அனுப்பிய பணம் வரும்வரை கைமாற்றாகக் கொடுத்து உதவியவர்களுக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். தூங்கி ஒரு வாரமாகிறது.

இருமல் இன்னும் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் இருக்குமாம், பயப்பட வேண்டாம் என்றார்கள். பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். சளி இருந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நானும் இனிமேல் மூக்கு ஒழுகுகிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன். மூக்கைச் சிந்திக்கொண்டே போய் யார் வீட்டுக் கைக்குழந்தையையும் கொஞ்ச மாட்டேன். இதற்கு முன் அப்படிச் செய்திருக்கிறேன், அது யாரையாவது பாதித்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

மெடிக்கல் அண்ணே, பாப்பா இன்று காலையில் மூச்சு வாங்காமல் வயிறு நிறையக் குடித்தாள். இருமல் நின்றதும் முதலில் உங்கள் கடைக்குத்தான் தூக்கி வருவேன். அந்தச் சொட்டு மருந்துக்கு நான் இன்னும் காசு கொடுக்கவில்லை.