பம்பிங் 60 என்றால் கவலை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 29 உலக இதய நாள் வந்தால் மாரடைப்பைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், நல்லதுதான். ஆனால் ஆஞ்சைனாவை, அதாவது நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்து நின்றதும் விட்டுவிடுகிற அந்த வலியை, ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். சென்னையில் எக்கோ, அதாவது இதயத்தை ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருப்பவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஜெல்லைத் துடைப்பதற்குள் எல்லோரும் கேட்பது "பம்பிங் எவ்வளவு மேடம்?" என்றுதான். 60 என்றால், மீதி 40 எங்கே போச்சு என்று சிலர் பதறுகிறார்கள். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதுதான் பம்பிங். 55 முதல் 70 என்றால் அது இயல்பு, 100 யாருக்கும் வராது. எனக்குக் கவலை மற்றவர்களைப் பற்றித்தான். மாம்பலம் ஸ்டேஷன் படியேறினால் நெஞ்சு அடைக்கிறது என்று வந்தவர்கள், 60 என்று கேட்டதும் சரி, அப்போ கேஸ் டிரபிள்தான் என்று முடிவு கட்டி, ஓமத்திரவம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

எக்கோவைப் படுக்க வைத்து எடுக்கிறோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலும், படுத்திருக்கும்போது தேவையான அளவு வந்துவிடும். படியேறும்போதுதான் பற்றாக்குறை. இதயத் தசை ஓய்வில் இருக்கும்போதே தனக்கு வரும் ஆக்சிஜனில் சுமார் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது, அதனால் வேலை கூடினால் கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. அதுவும் இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது விரியும் நேரத்தில்தான் கிடைக்கும், இதயம் வேகமாகத் துடிக்கத் துடிக்க அந்த நேரம் சுருங்கிப்போகிறது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம். வலி வந்த பிறகு பம்பிங் குறைவதில்லை, பெரும்பாலும் பம்பிங் தடுமாறிய பிறகுதான் வலியே வருகிறது. முதலில் தசை சரியாக விரியாமல் விறைக்கிறது (விரிவதற்கும் சக்தி வேண்டும்), அடுத்து ரத்தம் போதாத பகுதியின் சுவர் மட்டும் சரியாகச் சுருங்க முடியாமல் சோர்ந்துபோகிறது, அப்புறம் ஈசிஜியில் மாற்றம், கடைசியில் வலி. விறைத்த அறையிலிருந்து அழுத்தம் பின்னால் நுரையீரல் வரை போவதால் சிலருக்கு வலிக்குப் பதில் மூச்சுதான் வாங்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெரியாமலே போகலாம். வயசாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சில நிமிடம் ஓய்வெடுத்தால் சுவர் பழையபடி வேலை செய்யும், மறுநாள் எக்கோவில் மறுபடி 60. ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி மீளும் என்று சொல்ல முடியாது. ரத்தம் திரும்பிய பிறகும் தசை சில மணி நேரமோ சில நாட்களோ மந்தமாகவே இருப்பதுண்டு. பற்றாக்குறை நீடித்தால் தசை சாகாமல் தன் வேலையைக் குறைத்துக்கொண்டு கிடக்கும், பம்பிங் நிரந்தரமாகவே குறைந்ததுபோலத் தெரியும். அடைப்பைச் சரிசெய்தால் அப்படிப்பட்ட தசை சிலருக்கு மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். தழும்பாகிவிட்ட தசை திரும்பாது.

ஆகவே நடந்தால் வலி, நின்றால் சரி என்று இருப்பவர்கள் டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். டிரெட்மில்லா, ஸ்ட்ரெஸ் எக்கோவா (இதயத்துக்கு வேலை கொடுத்து எடுக்கும் எக்கோ), ஆஞ்சியோவா என்று அவர் முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டு மாமாவிடம் சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையை வாங்கி நாக்குக்கு அடியில் வைக்க வேண்டாம், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, உட்கார்ந்த பிறகும் சில நிமிடங்களில் விடவில்லை என்றாலோ உடனே 108. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதலுதவி மாத்திரைகள் தருகிறார்கள்.

பரிசோதனை மையங்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். எக்கோ ரிப்போர்ட்டில் பம்பிங் எண்ணுக்குக் கீழே, "இது ஓய்வு நிலையில் எடுத்தது, நடக்கும்போது வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லவும்" என்று தமிழில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு எக்கோ டெக்னீஷியன்,
மேற்கு மாம்பலம், சென்னை