கொரோனா மட்டும் காரணமில்லை, தம்பி

அன்புள்ள மகனுக்கு,

முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவுக்குக் காலம் சரியில்லை, கொரோனா வராமல் இருந்தால் இலங்கை தப்பியிருக்கும் என்று போன கிழமை சொன்னாய். கனடாவில் இருந்து பார்க்க அப்படித் தெரியலாம். கிளிநொச்சியில் வயல் செய்கிற எனக்கு அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் 2019 நவம்பரில் பதவிக்கு வந்தார். டிசம்பர் முதலாம் திகதியே பெறுமதி சேர் வரி (வற்) 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது. அப்போது கொரோனா எங்கே? அரசின் வருமானம் சுருங்கியது, கடன் தரப்படுத்தலில் நாடு கீழே போனது, வெளிநாட்டுச் சந்தையில் புதுக் கடன் எடுக்கும் வழியும் அடைபட்டது. சுற்றுலா விழுந்தது உண்மைதான். ஆனால் விழுகிற நேரத்தில் தாங்கிப் பிடிக்க ஒன்றையும் அவர் மிச்சம் வைக்கவில்லை.

அப்புறம் பசளை. 2021 மே மாதம் ஒரு வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார். எருவும் பசுந்தாளும் நல்லவைதான், நானும் போடுகிறவன். ஆனால் ஒரு போகத்துக்குள் முழு நாட்டுக்கும் போதுமான சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, எங்கே போவது? அந்தப் பெரும்போகத்தில் யூரியா இல்லாமல் பயிர் மஞ்சள் பிடித்து நின்றது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், விதைப்புக்குத் தயாராகியிருந்த எங்களுக்கு அது பிந்திய உதவி. டொலரை மிச்சம் பிடிக்கப் போட்ட தடையால் கடைசியில் அரிசியையே டொலர் கொடுத்து வாங்க வேண்டி வந்தது.

சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் கெட்ட பக்டீரியா இருக்கிறதென்று கப்பலைத் திருப்பினார்கள். பணம் கட்டாததால் சீனத் தூதரகம் எங்கள் அரச வங்கியான மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. முடிவில் 2022 ஜனவரியில், கரையில் இறங்காத பசளைக்குச் சுமார் 69 இலட்சம் டொலர் கொடுத்தோம். அதற்கு முன்னரே ஜப்பான் கடனில் கொழும்பில் வரவிருந்த இலகு ரயில் திட்டத்தை 2020இல் இரத்துச் செய்தாயிற்று. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்துக்கு இந்தியாவோடும் ஜப்பானோடும் செய்த உடன்பாட்டையும் 2021 பெப்ரவரியில் கைவிட்டாயிற்று. கை ஏந்த வேண்டிய காலம் நெருங்கும்போது எல்லாரோடும் முகத்தை முறித்துக்கொண்டோம். அப்படியிருந்தும் 2022இல் இந்தியாதான் ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியோடு வந்தது.

டொலரின் விலையை 200 ரூபாவை ஒட்டிக் கட்டி வைத்தது இன்னொரு பிழை. வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியலில் கூடுதலாகக் கிடைத்தபோது வெளிநாட்டில் உழைக்கிற பிள்ளைகள் வங்கியால் அனுப்புவார்களா? 2020இல் 710 கோடி டொலராக இருந்த அந்தப் பண வரவு அடுத்த வருடம் 550 கோடிக்கு வந்தது. இருந்த டொலர் கையிருப்பிலும் 50 கோடியை 2022 ஜனவரியில் வெளிநாட்டுக் கடன் பத்திரமான கடன்முறிக்குக் கட்டினார்கள். ஏப்ரல் 12இல் கடன் கட்ட முடியாதென்று அறிவித்தார்கள். இடையில் மருந்தும் காஸும் மண்ணெண்ணெயும் இல்லாமல் சனம் பட்ட பாட்டை நீ செய்தியில்தான் பார்த்தாய். உன் அம்மா விறகில் சமைத்தாள்.

இது என் கோபம் மட்டுமில்லை. பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் அவரும் சகோதரர்களும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. நேரமிருந்தால் அந்தத் தீர்ப்பை வாசி. அவர் 8 ஆக்கிய வரி இன்று 18 வீதம். பணக்காரருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் ஒரே வீதம்தான், தம்பி.

அன்புடன்,
அப்பா