கணக்கைச் சுங்கச்சாவடி ஆக்காதீர்கள்

குழந்தைகளுக்கான கணித விளையாட்டுச் செயலிகளைத் தமிழில் கொண்டுவரும் நிறுவனத்தாருக்கும் இளம் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. 31 ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது வீட்டில் இருப்பவள் நான். உங்கள் விளையாட்டுகளைப் பேத்தியின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. கைப்பேசி என்னுடையது என்பதால் எட்டிப்பார்க்கும் உரிமையும் எனக்கு உண்டு.

சென்ற மாதம் ஒரு முயல் விளையாட்டு வந்தது. முயல் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளம் வந்தால் நின்றுவிடும். திரையில் 7 + 8 என்று ஒரு கணக்கு, கீழே நான்கு விடைகள், மேலே விறுவிறுவென்று கரையும் ஒரு சிவப்புக் கோடு. சரியான விடையைத் தொட்டால் முயல் தாண்டும், ஒரு கேரட் கிடைக்கும். பேத்தி கேரட்டுகளைக் குவித்தாள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். பிறகு உற்றுப் பார்த்தேன். அவள் கணக்கைப் படிக்கவே இல்லை. நான்கு பொத்தான்களையும் இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டு போனாள். ஏதாவது ஒன்று சரியாக இருந்துதானே ஆகவேண்டும்? தவறான விடைக்குத் தண்டனை "டொய்ங்" என்று ஒரு சத்தம் மட்டும். "ஏழும் எட்டும் எத்தனை, கண்ணு?" என்று கேட்டேன். "மூன்றாவது பொத்தான், பாட்டி" என்றாள்.

அவளைக் குறை சொல்லமாட்டேன். அந்த விளையாட்டில் ஓட்டம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். நடுவில் ஒரு சுங்கச்சாவடி, கட்டணத்தைக் கட்டினால் வழி விடுவார்கள். சாவடியில் நின்று ரசிப்பவர் யார்? சீக்கிரம் கடக்கத்தான் எல்லோரும் பார்ப்போம். 7 + 8 இருந்த இடத்தில் "ஜப்பானின் தலைநகர் எது?" என்று கேட்டாலும் முயல் அதேபோலத்தான் தாண்டும். கணக்கை உருவி எடுத்த பிறகும் ஆட்டம் நடக்கிறது என்றால், அந்த ஆட்டத்துக்குள் கணக்கு இருந்ததே இல்லை.

இதே சோதனையைப் பல்லாங்குழிக்கு வைத்துப் பாருங்கள். 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எழுபது. எந்தக் குழியை அள்ளினால் கடைசிக் காய் எங்கே விழும், அதற்கு அடுத்த குழி காலியாக இருக்குமா என்று மனத்துக்குள் எண்ணாமல் ஒரு கை கூட நன்றாக ஆட முடியாது. எங்கள் ஊர் முறையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, அள்ளிக்கொள்ளலாம். தன் குழியில் மூன்று இருப்பதைக் கண்டதும் "இன்னும் ஒன்று" என்று குழந்தையின் கண் விரியும். அங்கே எண்ணிக்கைதான் ஆட்டம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மரப்பலகை.

புளியங்கொட்டையைப் படம் வரைந்து திரையில் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படியும் சிலர் செய்திருக்கிறார்கள். கொட்டை தானாகவே குழிகளில் விழுகிறது, எண்ணும் வேலையையும் கருவியே பார்த்துக்கொள்கிறது. பிறகு குழந்தைக்கு அங்கே என்ன வேலை? கையால் முடிவதைக் கைக்கு விட்டுவிடுங்கள். கையால் முடியாததைத் திரை செய்யட்டும்.

தாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறுமை. சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். மூன்று விழ நான்கு வழி. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழி. தாயத்துக்கும் (அதாவது ஒன்றுக்கும்) ஐந்துக்கும் இரண்டிரண்டு வழி. ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒரே வழி. இப்போது எவற்றுக்கு மறுபடி உருட்டும் உரிமை என்று நினைத்துப் பாருங்கள்: தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. அரிதாக விழும் இந்த நான்கு எண்களுக்கு மட்டும்! திண்ணையில் உட்கார்ந்து இந்த விதியை வகுத்தவருக்கு நிகழ்தகவு என்ற சொல் தெரிந்திருக்காது, கணக்கு தெரிந்திருக்கிறது. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டையை வைத்துக் காட்ட வேண்டுமானால் ஆயிரம் முறை உருட்ட வேண்டும், பொழுது விடிந்துவிடும். உங்கள் திரையோ கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் முறை உருட்டி, மூன்றின் தூண் உயரமாகவும் பன்னிரண்டின் தூண் குட்டையாகவும் எழும்புவதைக் காட்டிவிடும். "நீ நினைத்தது இப்படியா?" என்று முதலில் கேட்டுவிட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. இந்த மாதிரி ஒன்று செய்து தாருங்கள், கைப்பேசியை நானே கையில் கொடுக்கிறேன்.

இன்னொன்று மொழியைப் பற்றியது. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

உங்கள் விளையாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காக யோசிக்கப்பட்டவை. தமிழ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆங்கிலக் குழந்தைக்கு "லெவன்", "ட்வெல்வ்" என்ற சொற்களில் பத்து காதில் விழாது. நம் குழந்தைக்குப் பதினொன்று, பன்னிரண்டு என்று சொல்லும்போதே பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும் கேட்கின்றன. இடமதிப்பில் பாதிப் பாடத்தை மொழியே நடத்திவிடுகிறது. அந்த இலவசத்தை விட்டுவிட்டு, தமிழ்ச் செயலி என்று பெயர் வைத்து எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லவைக்கிறீர்கள்.

அதே தமிழ் வேறோர் இடத்தில் காலை வாரிவிடும். எண்பத்தொன்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. எழுபது, எண்பது என்று ஏறி வந்த குழந்தையின் காதில் திடீரென்று "நூறு" விழுகிறது. 90-ஐச் சொல்லி எழுதச் சொன்னால் மூன்று இலக்கம் எழுதிய பிள்ளைகள் என் வகுப்பில் ஆண்டுதோறும் இருந்தார்கள். தொள்ளாயிரத்திலும் இதே கதை: ஆயிரம் கேட்கிறது, நான்கு இலக்கம் வந்துவிடுகிறது. தமிழுக்கென்று யோசித்துச் செய்த விளையாட்டு, 39-இலிருந்து 40-க்குப் போவதைவிட 89-இலிருந்து 90-க்குப் போகும் இடத்தில் அதிக நேரம் தங்கும். அப்படித் தங்கிய ஒன்றையும் நான் பார்த்ததில்லை. லட்சத்தை 100,000 என்று காற்புள்ளி போட்டுக் காட்டுவதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

பின்னத்துக்கு வந்தால் கால், அரைக்கால் என்ற சொற்களே ஒரு விளையாட்டு. காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. அதைப் பிரித்தால் மாவும் (1/20) காணியும் (1/80). கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பழைய எண்சுவடியின் இந்தச் செல்வத்தை வைத்து ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கூட்டிச் சேர்க்கும் புதிர் செய்ய உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு வியப்பு.

கிழவி கணினியே வேண்டாம் என்கிறாள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குஜராத்தின் வடோதராவில் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அரசு கொடுத்த கணினிகள் பெரும்பாலும் குழந்தைகளின் கை படாமலே கிடந்தன. 2002-இல் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு அவற்றைக் கொண்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஆடவைத்தது: ஒரு கணினிக்கு இருவர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அவரவர் நிலைக்கேற்பக் கடினமாகும் கணித விளையாட்டுகள். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்றவர்களும் அளந்து பார்த்தார்கள். கணக்குத் தேர்வில் முதல் ஆண்டு 0.35, இரண்டாம் ஆண்டு 0.47 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) முன்னேற்றம். கல்வித் திட்டங்களில் இது சிறிய எண் அல்ல. ஆனால் திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது ஏறக்குறைய 0.1 மட்டுமே மிஞ்சியிருந்தது. உங்கள் விளம்பரங்களில் முதல் பாதி மட்டும் வரும் என்பதால் இரண்டாம் பாதியை நான் சொல்கிறேன்.

அதே குஜராத்தில் பொருளியலாளர் லீ லிண்டன் செய்த ஆய்வும் உண்டு. ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு கணினியைக் கொடுத்தபோது பிள்ளைகள் கணினி கிடைக்காத பிள்ளைகளைவிடக் குறைவாகக் கற்றார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது கூடுதலாகக் கற்றார்கள். "இனி டியூஷனே தேவையில்லை" என்று பெற்றோரிடம் சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வடோதரா ஆய்வில் எனக்குப் பிடித்தது "ஒரு கணினிக்கு இருவர்" என்பதுதான். இருவர் உட்கார்ந்தால் சண்டை வரும். "ஏன் அதைத் தொட்டாய்?" என்று ஒன்று கேட்கும், மற்றது காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லும் இடத்தில்தான் கணக்கு மண்டையில் ஏறுகிறது. உங்கள் செயலிகள் எல்லாம் ஒரு குழந்தை, ஒரு காதொலிப்பான் என்றே வருகின்றன. ஒரே கைப்பேசியில் இருவர் மாறி மாறி ஆடும்படி செய்வது தொழில்நுட்பத்துக்கு அவ்வளவு சிரமமா?

சின்னப் பிள்ளைகளுக்குச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டெல்லியில் 214 பாலர் பள்ளிகளில் புள்ளிக்கூட்டங்களையும் வடிவங்களையும் ஒப்பிடும் விளையாட்டுகளை ஆடவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-இல் சயின்ஸ் இதழில் வந்தது. எது அதிகம், எது குறைவு என்று உணரும் திறன் கூடியது, நிலைத்தும் நின்றது. ஆனால் பள்ளிக்குப் போன பிறகு எண்களை எழுதிச் செய்யும் கணக்கில் அது உதவவில்லை. ஆகவே ஐந்து மாம்பழத்தைக் காட்டும்போதே பக்கத்தில் 5 என்ற எண்ணும் "ஐந்து" என்ற சொல்லும் இருக்கட்டும். மாம்பழம் ஒவ்வொன்றாகக் குறையும்போது அவையும் கூடவே மாறட்டும்.

கரையும் சிவப்புக் கோட்டை எடுத்துவிடுங்கள். விரல்விட்டு எண்ணும் குழந்தைக்கு அந்தக் கோடு பதற்றத்தை மட்டுமே கற்றுத்தருகிறது. விளம்பரங்களையும் எடுங்கள், ஜிகாம்ப்ரி (GCompris) என்ற குழந்தைகள் விளையாட்டுத் தொகுப்பு போன்ற கட்டற்ற மென்பொருள்கள் விளம்பரமே இல்லாமல், இணையமும் இல்லாமல், இலவசமாக நடக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துத் தமிழுக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் யாரும் தடுக்கவில்லை.

அடுத்த விளையாட்டை வெளியிடுமுன் எங்கள் தெருவுக்கு வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகள் எங்கள் திண்ணையில் இருப்பார்கள். காப்பி நான் தருகிறேன். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், விரல்கள் எங்கே போகின்றன என்று மட்டும் அரை மணி நேரம் பாருங்கள்.

முயல் விளையாட்டை நேற்று நீக்கிவிட்டேன். என் கேரட்டெல்லாம் எங்கே என்று பேத்தி ஒரே அழுகை. எத்தனை கேரட் இருந்தன என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நிறைய" என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருத்தி