போன் எடுக்கத் தயங்கும் நிருபர்கள்: இதழியல் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இதழியல் துறைப் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதிய செய்திப் பிரதியை, அதாவது காப்பியைத் திருத்துவது என் வேலை. உங்களிடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் முதலில் என் மேசைக்குத்தான் வருகிறார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தீ விபத்துச் செய்தி கொண்டுவந்தார். செய்தியின் தொடக்கப் பத்தியான லீட் கச்சிதம். முக்கியமானதை முதலில் சொல்லும் தலைகீழ் பிரமிடு அமைப்பும் இம்மி பிசகவில்லை.

"இறந்தவருக்கு என்ன வயசும்மா?"

"அதிகாரி சொல்லலை சார்."

"நீங்க கேட்டீங்களா?"

பதில் இல்லை. போனை அவர் பக்கம் நகர்த்தினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாட்ஸ்அப்ல கேட்கட்டுமா?" என்றார். ஒருவழியாகப் பேசியபோது வயது கிடைத்தது. இறந்தவரின் இனிஷியலைத் தவறாக எழுதியிருந்ததும் தெரிந்தது. அப்படியே அச்சேறியிருந்தால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போட்டிருப்போம். துக்க வீட்டில் அதை யார் தேடிப் படிக்கப்போகிறார்கள்?

அவரைக் குறை சொல்லவில்லை. மக்கள் எதைப் பற்றி யோசிப்பார்கள் என்பதில் ஊடகங்களின் பங்கைப் பற்றி ஆய்வாளர்கள் மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1972இல் வெளியிட்ட அஜெண்டா செட்டிங் ஆய்வைக் கேட்டால் மடமடவென்று ஒப்பிப்பார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டுக் கேள்வி கேட்கும் வேலையை மூன்று ஆண்டுகளில் ஒருவரும் அவருக்குத் தரவில்லையாம். கோட்பாடு இருக்கட்டும். அவதூறுச் சட்டத்தை இன்னும் கொஞ்சம் கூடவே நடத்துங்கள்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908 செப்டம்பர் 14 அன்று இதழியல் வகுப்புகள் தொடங்கின. அன்றைக்கே மாணவர்கள் ஒரு செய்தித்தாளைக் கொண்டுவந்துவிட்டார்கள். நம்மிடமோ இன்றும் பல இதழியல் துறைகளில் பருவத்துக்கு ஒரு லேப் ஜர்னல், அதாவது மாணவர் பயிற்சி இதழ்தான் வருகிறது. அதிலும் பாதி ஆண்டுவிழாப் படங்கள்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பீட், அதாவது தொடர்ந்து செய்தி சேகரிக்க ஒரு களம் கொடுங்கள். நீதிமன்றம், காவல் நிலையம், மருத்துவமனை, உள்ளாட்சி, எதுவானாலும் சரி. வாரம் ஒரு செய்தி. பெயர் தவறினால் மதிப்பெண் கிடையாது. குறிப்பு நோட்டையும் வாங்கிப் பாருங்கள். காப்பியைவிட அதில்தான் நிருபர் தெரிவார். மூத்த பத்திரிகையாளர்களை அழைத்து வீரக்கதை கேட்பதைக் குறைத்துக்கொள்ளலாம். நானே இரண்டு முறை வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது நீதிமன்றம் பார்க்கிறார். நேற்று இரவு பத்தரை மணிக்கு ஒரு வழக்கறிஞரைக் கூப்பிட்டார். வழக்கறிஞர் எரிந்து விழுந்தும், இனிஷியலைக் கேட்டு வாங்கிய பிறகுதான் இவர் போனை வைத்தார்.

இப்படிக்கு,
ஓர் உதவி ஆசிரியர்