லிவாதித் துறைக்கு எங்கள் நன்றி

கிரீஸின் செரிஃபோஸ் தீவின் லிவாதித் துறையில் படகு கட்டிக் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை கடலில் எங்கள் என்ஜின் கைவிட்டதும், நீங்கள் எங்களை இழுத்துவந்து சேர்த்ததும் உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி சொல்ல மனம் வரவில்லை. நாங்கள் இருவரும் நலம், படகும் நலம்.

ரேடியோவின் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் முதல் அழைப்புக்கே பதில் தந்த கடலோரக் காவல் படையினர், மெல்தெமி என்னும் கோடை வடகாற்று அந்த வீச்சு வீசும்போதும் எங்களுக்கு இழுவைக் கயிறு எறிந்தவர்கள், தங்கள் படகின் ஃபெண்டர்களை (மோதலைத் தாங்கும் மெத்தைகளை) அவிழ்த்து எங்கள் பக்கம் கட்டியவர்கள், பின்கயிறுகளைக் கரையில் வாங்கி வளையத்தில் போட்டவர்கள், ஒன்றும் கேட்காமல் சூடான ரொட்டியைக் கையில் திணித்த பேக்கரி அம்மா: எல்லோருக்கும் எஃப்ஹரிஸ்தோ, நன்றி.

மிச்ச மடல், பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த மீனவப் பெரியவருக்கு. இந்தத் தீவுகளில் வயதான கடலோடியை ‘பார்பா’ என்று உரிமையோடு கூப்பிடுவார்கள்.

மறுநாள் காலை, என்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்பில் புது இம்பெல்லரை (நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்தை) போட்டு மூடப் போன நேரத்தில் பார்பா எட்டிப் பார்த்தார். கிழிந்த பழையதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஆறு இறக்கைகளில் மூன்று இல்லை. மூன்று விரலைக் காட்டி, “பூ?” என்றார். கிரேக்க மொழியில் ‘எங்கே?’

அந்த ஒரு சொல்லுக்குத்தான் இவ்வளவு நன்றியும்.

இம்பெல்லர் ரப்பர். அதற்கு மசகு எண்ணெய் கிடையாது, ஓடும் கடல்நீர்தான் மசகு. பொசிடோனியா கடற்புல்லோ பிளாஸ்டிக் பையோ உறிஞ்சு துளையை அடைத்துவிட்டால், வறண்ட ரப்பர் உலோகத்தில் உரசிச் சில நிமிடங்களிலேயே கிழிந்துவிடும். கிழிந்த துண்டுகள் மறைந்து போவதில்லை. நீரோடு போய், என்ஜின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களின் வாயில் உட்கார்ந்துகொள்கின்றன. புது இம்பெல்லர் போட்டதும் துறைக்குள் மெதுவான ஓட்டத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். புகைக்குழாயில் தண்ணீர் துப்பும், வெப்பமானி அசையாது. வெளியே போய் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் முடுக்கினால்தான் சூடு ஏறும். அப்போது பாறை எந்தப் பக்கம் இருக்குமோ!

பார்பா தன் கயீக்கியிலிருந்து (மர மீன்பிடிப் படகிலிருந்து) ஒரு வெண்கலக் கம்பி கொண்டுவந்தார், நுனியைக் கொக்கியாக வளைத்தார். கடல்நீர் வால்வு மூடியிருக்கிறதா என்று தானே தொட்டுப் பார்த்தார். பம்பிலிருந்து போகும் ஹோஸைக் கழற்றினோம். அதன் வளைவில் ஒரு துண்டு. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முனை மூடியைத் திறந்தோம், அங்கே இன்னொன்று. மூன்றாவது கிடைக்கவில்லை. “சிகா, சிகா” என்றார், மெதுவாக, மெதுவாக. நீர் வெளியேறும் பக்கத்திலிருந்து நல்ல தண்ணீரை எதிர்த்திசையில் விட்டதும் அதுவும் வந்து விழுந்தது. மூன்றையும் துறைமேடையில் பழைய இம்பெல்லரைச் சுற்றி ஒட்டவைத்துப் பார்த்தார், உடைந்த தட்டைச் சேர்ப்பதுபோல. வட்டம் நிறைந்த பிறகே எழுந்தார். காசு நீட்டியதற்கு முகம் சுளித்தார்.

அதன் பிறகே மூடினோம். இறக்கைகளுக்குக் கிளிசரின் தடவி (பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரைக் கெடுக்கலாம்), சுழலும் திசைக்கு ஏற்றபடி மடித்து நுழைத்து, கசிவைத் தடுக்கும் புதுக் காகித கேஸ்கெட் வைத்து, வால்வைத் திறந்து, ஸ்டார்ட் செய்தோம்.

பார்பாவுக்கு நாங்கள் தரும் வாக்கு இது. இனி ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இம்பெல்லரை மாற்றுவோம். குளிர்காலத்தில் படகைக் கரையேற்றினால் கழற்றி வைப்போம். ஒரே நிலையில் மாதக்கணக்கில் மடிந்து கிடக்கும் இறக்கை நிமிராது. கேஸ்கெட்டோடு இரண்டு உபரி எப்போதும் இருக்கும். வால்வை மூடினால், மறந்து ஸ்டார்ட் செய்யாதபடி என்ஜின் சாவி அதன் கைப்பிடியில்தான் தொங்கும். யாருடைய படகில் இம்பெல்லர் கிழிந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது “எத்தனை இறக்கை?” என்றுதான்.

பார்பா, இன்று விடியலில் உங்கள் கயீக்கி கிளம்பிவிட்டிருந்தது. கொக்கிக் கம்பி எங்கள் என்ஜின் அறையிலேயே இருக்கிறது. செப்டம்பரில் மெல்தெமி தணிந்ததும் கொண்டுவந்து தருகிறோம்.