கட்டளைக்கு வராத ஆசை

அன்புள்ள தம்பி,

போனில் நீ பாதி சொல்லி நிறுத்தியது எனக்குப் புரிந்தது. அப்பாவும் பிள்ளையும் இதை நேருக்கு நேர் பேசுவது கஷ்டம்தான், அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் குழந்தை எப்போது என்று கேட்கிறார்கள், நாள் குறித்துச் சேரவேண்டியிருக்கிறது, அந்த நாள் வந்தாலே உடம்பு மறுக்கிறது. "நான் ஆம்பளைதானா" என்று கேட்டாயே, அந்த எண்ணத்தை முதலில் விடு. பயம் வந்தால் உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகும். நெஞ்சு படபடக்கும், ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாயும். விறைப்புக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான நிலை. தசை தளர்ந்து, அங்கே ரத்தக்குழாய் விரிய வேண்டும். "இன்றைக்கும் முடியாமல் போய்விடுமோ" என்ற பயத்தையும் உயிர்ப்பயத்தையும் உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற பாலியல் ஆய்வாளர்கள் இருவர் 1970-லேயே இதை விளக்கினார்கள். படுக்கையில் இருக்கும்போதே மனிதன் தன்னைத் தானே வேவு பார்க்கத் தொடங்கிவிடுகிறான். சரியாக நடக்கிறதா, நிலைக்குமா என்று கவனம் முழுக்க அங்கேயே போனபின் இன்பத்துக்கு இடம் ஏது? ஒருமுறை தவறினால் அடுத்த முறை பயம் கூடும். போகப்போக ஆசையே தலைகாட்டாது. தினமும் பரீட்சை வைக்கிற இடத்துக்கு மனசு ஏன் ஆசையாகப் போகும்?

பின்னாளில் பேங்க்ராஃப்ட், யான்சென் என்ற ஆய்வாளர்கள் ஆசைக்கு ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் தனித்தனியாக உண்டு என்றார்கள். நீ ஆக்ஸிலரேட்டரையே மிதித்துக்கொண்டிருக்கிறாய். பிரேக்கில் ஊரே கால் வைத்திருக்கிறது. உறவினர் கேள்வி, நண்பர்களின் வீறாப்புப் பேச்சு, போனில் பார்க்கிற படங்கள், எல்லாம் சேர்ந்துதான். அந்தப் படங்களில் இருப்பது வெட்டி ஒட்டிய நடிப்பு. அதை அளவுகோலாக வைத்தால் எந்த மனிதனும் தேறமாட்டான்.

மருமகளையும் நினைத்துப்பார். இந்த விஷயத்தை நினைப்பதே தப்பு என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்க்கப்படும் பெண்ணிடம், கல்யாணமான மறுநாளே ஆசையோடு இரு என்கிறார்கள். அத்தனை வருஷக் கூச்சம் ஒரே ராத்திரியில் போகாது. மனசில்லாமல், கடமைக்காக அவள் சம்மதித்துக்கொண்டே இருந்தால், தொடுவதே அவளுக்குச் சுமையாகிவிடும். அதை நீ ஒருபோதும் நடக்கவிடாதே. ரோஸ்மேரி பேசன் என்ற மருத்துவர் 2000-ல் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: பெண்கள் பலருக்கு ஆசை முதலில் வருவதில்லை. நிம்மதியும் நெருக்கமும் கிடைத்தபின், தொடுதலின் விளைவாகத்தான் எழுகிறது. ஆண்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆசை தானாகப் பொங்கவில்லை என்பதற்காக அன்பு இல்லை என்று இருவரும் முடிவுகட்ட வேண்டாம்.

ஒரு காரியம் செய்யுங்கள். சில வாரங்களுக்கு உடலுறவே வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். அணைத்துக்கொள்ளலாம், முதுகு தடவலாம், சும்மா படுத்துப் பேசலாம். அதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது. மாஸ்டர்ஸும் ஜான்சனும் வகுத்த இந்த முறையைப் பாலியல் மருத்துவர்கள் இன்றும் கையாள்கிறார்கள். தோற்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் பயம் மெல்ல விலகும். குழந்தைக்கும் நாள் குறிக்கத் தேவையில்லை. பயம் தெளிந்தபின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இயல்பாகச் சேர்ந்தாலே போதும்.

ஒருமுறை நல்ல மருத்துவரையும் பார்த்துவிடு. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹார்மோன், மனச்சோர்வு எதுவும் காரணமாகலாம். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கும். நீ ஏதாவது சாப்பிட்டால் அவரிடம் மறைக்காதே, கேட்காமல் நிறுத்தவும் செய்யாதே. விடியலில் விறைப்பு இயல்பாக வருகிறது என்றால் அதையும் சொல், பெரும்பாலும் உடம்பில் கோளாறு இல்லை என்பதற்கு அது ஒரு தடயம். விளம்பரம் போட்டு "ஆண்மை" விற்கிறவர்கள் பக்கம் மட்டும் போகாதே. அவர்களுக்கு உன் பயம்தான் முதலீடு.

வாரத்துக்கு இத்தனை முறை என்று கணக்கு எங்கேயும் கிடையாது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் பாலுறவுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை என்கிறது. அவரவருக்கு நிறைவு தருவதே இயல்பு. ஆசை குறைந்து, அது பல மாதம் நீடித்து, அந்த மனிதருக்கே பெரும் வேதனை தந்தால்தான் அதைக் குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

குழந்தை பற்றி எங்களிடமிருந்து கேள்வி வராது. அம்மாவிடமும் பேசிவிட்டேன், நீ சொன்ன விவரம் எதையும் சொல்லவில்லை. வேறு யார் கேட்டாலும் "அப்பாவிடம் கேளுங்கள்" என்று சொல்லிவிடு, நான் பேசிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை மருமகளிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

அன்புடன்,
அப்பா