செயலியில் கரும்பலகைப் படங்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளை உடனிருந்து வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கும்,

வணக்கம். சென்ற வாரம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி கைபேசியோடு என் அறைக்கு வந்தார். பேத்திக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். விட்டுப்போன கணக்குகளைக் கரும்பலகையோடு போட்டோ எடுத்து நம் பள்ளிச் செயலியில் போட்டிருந்தோம். "இங்கதான் சார் இருந்துச்சு, விரல் பட்டதும் எங்கயோ ஓடிப்போச்சு" என்றார். வாங்கிப் பார்த்தேன். திரை முழுக்க வெறும் கறுப்பு. மூலையில் தபால்தலை அளவுகூட இல்லாமல் அந்தப் போட்டோ. அதைப் பிடித்து நடுவுக்கு இழுத்துவர எனக்கே மூன்று முறை ஆயிற்று.

அன்று மாலையே செயலியை எழுதித் தந்த நம் முன்னாள் மாணவரை வரவழைத்தேன். அவர் பயன்படுத்தியது ஃப்ளட்டர் என்ற, செயலி எழுத உதவும் மென்பொருள் கருவி. அதில் படம் எவ்வளவு சுருங்கலாம், எவ்வளவு பெருகலாம், விளிம்பைத் தாண்டி எவ்வளவு நகரலாம் என்று மூன்றையும் நாமே வரையறுக்கலாம். நம் செயலியில் நகர்வுக்கு எல்லையே வைக்கவில்லை. பத்தில் ஒரு பங்கு வரை சுருங்க விட்டிருந்தோம். பெருக்கம் மட்டும், யாரும் மாற்றாவிட்டால் அதில் இருக்கும் 2.5 மடங்கோடு நின்றுவிட்டது. சோதித்துப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தது நான்தான். உங்கள் எல்லோரிடமும் வருத்தம் தெரிவிக்கிறேன்.

2.5 மடங்கு ஏன் போதவில்லை என்று கணக்கு வாத்தியாராகவே சொல்கிறேன். நம் கரும்பலகை 12 அடி அகலம். அது கைபேசியில் 7 செ.மீ. அகலத்துக்குள் அடங்குகிறது. பலகையில் 2 அங்குல உயரத்தில் எழுதிய எழுத்து திரையில் 1 மி.மீ. கூடத் தேறாது. 2.5 மடங்காக்கினால் ஏறக்குறைய புத்தக எழுத்து அளவுக்கு வரும். ஆனால் அடுக்கு எண்ணும் தசமப் புள்ளியும் அப்போதும் தெரியாது. கணக்கில் தப்பு நடப்பது அங்கேதான். அதனால் உச்ச அளவை 4 மடங்காக்கியிருக்கிறோம். அதற்கும் மேலே போவதில் பயனில்லை. எங்கள் கேமரா எடுக்கும் படம் 4000 புள்ளி (பிக்சல்) அகலம், பெரும்பாலான கைபேசித் திரை 1080 புள்ளி, ஏறத்தாழ 3.7 மடங்கு வரைதான் படத்தில் புது விவரம் கிடைக்கும், பிறகு மங்கல்தான். படத்தைச் சுருக்கிச் சேமித்துவந்த வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். டேட்டா வீணாகாமல் இருக்க முதலில் சிறிய படம்தான் வரும். நீங்கள் பெரிதாக்கினால் மட்டுமே முழுப் படம் இறங்கும்.

இனி படம் திரை அகலத்தைவிடச் சிறிதாகாது. நகர்வின் எல்லையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்கிட்டுத் தந்தார்கள். பெரிதான படத்தின் அகலத்திலிருந்து திரையின் அகலத்தைக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். 4 மடங்கில் படம் 28 செ.மீ., திரை 7 செ.மீ.; மீதி 21. ஆகவே நடுவிலிருந்து இடப்பக்கம் 10.5, வலப்பக்கம் 10.5 செ.மீ. நகரலாம். அதற்குமேல் இழுத்தால் விளிம்பிலேயே நின்றுவிடும். பெரிதாக்காத படத்துக்கு விடை சுழி, அதனால் அது அசையாது. விரலால் தள்ளினால் அடுத்த படம் வரும். அவர்கள் இதைப் பலகையில் எழுதிக் காட்டியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு விரலை விரித்துப் பெரிதாக்குவது எல்லோருக்கும் வராது. வயல் வேலையில் காய்த்த விரலுக்கும், நடுங்கும் விரலுக்கும் அது கடினம். இதற்கு மாற்று வழி தர வேண்டும் என்று 2018இல் வெளியான, மாற்றுத்திறனாளிகளும் எளிதாகப் பயன்படுத்துவதற்கான உலக அணுகல்தன்மை வழிகாட்டியும் (WCAG 2.1) சொல்கிறது. எனவே படத்தின் கீழே கூட்டல், கழித்தல் பொத்தான்கள் வைத்திருக்கிறோம். ஒரே விரலால் இருமுறை தட்டினாலும் பெரிதாகும், மறுபடி தட்டினால் பழைய அளவுக்குத் திரும்பும்.

மதிப்பெண் பட்டியலையும் கால அட்டவணையையும் இனி போட்டோவாகப் போட மாட்டோம், எழுத்தாகவே வரும். பார்வையற்ற பெற்றோர் சிலர் நம்மிடம் உண்டு. அவர்கள் கைபேசி எழுத்தை வாசித்துச் சொல்லும். போட்டோவில் இருக்கும் எண்களை அப்படி நம்பி விட முடியாது.

திங்கள் முதல் புதிய பதிப்பு கிடைக்கும். புதுப்பிக்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கணினி அறைக்குக் கைபேசியோடு வாருங்கள், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் உதவுவார்கள். அதன் பிறகும் ஏதாவது ஒரு படத்தில் எழுத்து தெரியவில்லை என்றால் எந்த வகுப்பு, எந்தத் தேதி என்று டைரியில் எழுதி அனுப்புங்கள். அந்தப் பாடத்தைப் பலகையில் மறுபடி எழுதிப் படமெடுத்துப் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்